வேர்ச்சொல் வேட்டையும் ‘ஆம்’ என்னும் சிறு சொல்லும்

ஒரு சொல்லின் வேரைத் தோண்டி எடுத்துவிட்டால் அதைப் பேசும் மக்களின் பெருமையும் கூடவே வெளிவந்துவிடும் என்றொரு நம்பிக்கை நம் மேடைகளிலும் மாநாட்டு மலர்களிலும் இணையப் பக்கங்களிலும் நெடுங்காலமாகக் குடிகொண்டிருக்கிறது. அதன் செய்முறை எளியது. ஐரோப்பிய மொழி ஒன்றின் அகராதியைத் திறக்க வேண்டும்; காதுக்குத் தமிழ்போல் ஒலிக்கும் சொல் ஒன்றைப் பொறுக்க வேண்டும்; இரண்டுக்கும் நடுவே ஓர் அம்புக்குறி இட வேண்டும்; பிறகு கைதட்டலுக்குக் காத்திருக்க வேண்டும். இதற்குச் சொற்பிறப்பியல் என்று பெயரும் சூட்டியாயிற்று. இது சொற்பிறப்பியல் ஆகாது, மொழிப்பற்றும் ஆகாது. இவ்விரண்டையும் இங்கே நிறுவ விரும்புகிறோம்.

அதற்குப் பெரிய சொற்கள் வேண்டா. கடவுள், காதல், அரசு என்று தொடங்கினால் தத்துவப் புகைமூட்டத்தில் எதையும் மறைத்துவிடலாம். மிகச் சிறிய சொல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேட்ட கேள்விக்கு உடன்படும்போது நாம் ‘ஆம்’ என்கிறோமே, அந்தச் சொல். ஐரோப்பாவில் அதற்கு வழங்கும் சொற்களின் வரலாறு பெரும்பாலும் எழுத்துச் சான்றோடு கிடைக்கிறது. ஊகத்துக்கு அங்கே இடம் குறைவு என்பதாலேயே நம் வாதத்துக்கு அது ஏற்ற களம்.

முதலில் இலத்தீனைப் பார்ப்போம். உலகுக்குச் சட்டமும் நிர்வாகமும் வழங்கிய மொழி என்று போற்றப்படும் இலத்தீனில் ‘ஆம்’ என்பதற்கென்று தனிச்சொல் இல்லை. ‘வந்தானா?’ என்றால் ‘வந்தான்’ என்று வினையையே திருப்பிச் சொல்வது ஒரு வழி. ‘அவ்வாறே’ என்னும் பொருள்தரும் ‘இத்தா’, ‘ஸிக்’ போன்ற சொற்களால் ஒத்துக்கொள்வது இன்னொரு வழி. உரோமப் பேரரசு சிதைந்து, மக்கள் பேசிய இலத்தீன் ஊருக்கு ஒரு விதமாக உருமாறியபோது, ஒவ்வொரு நிலப்பகுதியும் தனக்கென ஒரு ‘ஆம்’ தேடிக்கொண்டது.

இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ‘ஸிக்’ என்பதன் ஈற்றொலி தேய்ந்து ‘ஸீ’ ஆயிற்று. போர்ச்சுக்கலில் அதுவே மூக்கொலி பெற்றது. இன்றைய பிரான்சின் தென்பகுதியில் மக்கள் வேறொரு சொல்லைப் பற்றிக்கொண்டனர். ‘இது’ என்னும் பொருளுடைய ‘ஹொக்’ அச்சொல். ‘இதுவே’ என்று சொல்லி உடன்பட்டார்கள். இலத்தீனின் ‘ஹ’ ஒலி அதன் வழிவந்த மொழிகளிலெல்லாம் பொதுவாகவே மறைந்துபோனது. ஆகவே தெற்கில் ‘ஒக்’ நின்றது. வடபகுதியிலோ ஈற்றுக் ககரமும் தேய்ந்து ‘ஒ’ மட்டும் மிஞ்சியது. அதனோடு மூவிடப் பெயர்களைச் சேர்த்து, ‘இது நான்’, ‘இது நீ’, ‘இது அவன்’ என்பனபோல ஆளுக்கேற்ப விடையிறுத்தார்கள். நாளடைவில் ‘இது அவன்’ என்னும் வடிவம் மற்றவற்றைத் தள்ளிவிட்டு எல்லா இடத்துக்கும் பொதுவாயிற்று. அந்த ‘ஒயில்’தான் தேய்ந்து தேய்ந்து இன்றைய பிரெஞ்சில் ‘வீ’ என்று ஒலிக்கிறது.

ஸ்லாவிய மொழிகளுக்கு வந்தால் போலந்துக்காரரும் உக்ரேனியரும் ‘தாக்’ என்கிறார்கள். அதன் நேர்ப்பொருள் ‘அவ்வாறு’. லிதுவேனியரின் ‘தைப்’ என்பதற்கும் ‘அவ்வாறு’ என்றே பொருள். ஆக, ஐரோப்பாவின் பாதிப் பரப்பில் ‘ஆம்’ என்பதன் வேர் ‘இது’, ‘இப்படி’, ‘அப்படி’ என்னும் சுட்டுச் சொற்களே. மறைபொருளோ ஆதிமந்திரமோ எதுவும் அதில் இல்லை. விரலால் சுட்டிக்காட்டும் எளிய செயலிலிருந்து உடன்பாடு பிறந்திருக்கிறது. வேரைத் தோண்டினால் வைரம் கிடைக்கும் என்று எண்ணுவோருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். நமக்கு அவ்வாறில்லை. சாதாரணச் சொல்லொன்று தேவைக்கேற்பப் புதுவேலை ஏற்றுக்கொள்ளும் இந்த இயல்பே மொழியின் உண்மையான அதிசயம்.

இப்போது நம் அம்புக்குறி ஆர்வலரை இந்தக் களத்தில் இறக்கிவிடுவோம். அவர் என்ன செய்வார்? யாழ்ப்பாணத்தார் ‘ஆம்’ என்பதை ‘ஓம்’ என்கிறார்கள், தென்பிரான்சில் ‘ஒக்’, இரண்டும் ஒகர ஓகாரத் தொடக்கம், எனவே ஈழத்திலிருந்து கப்பலேறிய சொல் மத்தியதரைக் கடலில் இறங்கியது என்பார். பழைய வடபிரெஞ்சின் ‘ஒயில்’ நம் ஒயிலாட்டத்தின் ஒயிலே என்றும், நளினமாகத் தலையசைத்து உடன்பட்டதால் அப்பெயர் வந்தது என்றும் எழுதுவார். நாம் மிகைப்படுத்துவதாக வாசகர் நினைக்கக்கூடும். இவ்வகை எழுத்தைத் தொடர்ந்து படிப்பவருக்கு இது மிகை அன்று என்பது தெரியும். ஆனால் அதே அளவுகோலின்படி இத்தாலியரின் ‘ஸீ’ நம் ‘சீ’ ஆகிவிடும். இத்தாலியில் உடன்பாடு என்பதே அருவருப்பின் குரல் என்று முடிவுகட்ட நேரும். அந்த இடம் வந்ததும் அம்புக்குறி மட்டும் வசதியாகக் காணாமற்போய்விடுகிறது. வேண்டியபோது எடுத்து வேண்டாதபோது ஒளித்துவைக்கும் அளவுகோலை அளவுகோல் என்று எவ்வாறு அழைப்பது?

ஒலி ஒப்புமை எவ்வளவு பெரிய பொய்க்காரன் என்பதை இந்தச் சிறு சொல்லே காட்டுகிறது. கிரேக்கத்தில் ‘நே’ என்றால் ஆம். எல்லையைத் தாண்டிப் பல்கேரியாவுக்குள் நுழைந்தால் ‘நே’ என்றால் இல்லை. கொரிய மொழியிலோ ‘நே’ மறுபடியும் ஆம். கிரேக்கமும் கொரியமும் உடன்பிறப்புகள் என்று யாரும் சொல்வதில்லை. செக் நாட்டிலும் போலந்திலும் பேச்சுவழக்கில் ‘நோ’ என்று சொன்னால் உடன்பாடு. ஆங்கிலேயருக்கு அதுவே மறுப்பு. பல்கேரியர்கள் ஆமென்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் அசைத்து, இல்லையென்பதற்கு மேலும் கீழும் அசைக்கும் வழக்கமும் உடையவர்கள். வாயும் தலையும் இவ்வளவு தன்போக்கில் இயங்கும்போது, ஈரெழுத்து ஒத்துப்போவதை வைத்து இரு நாகரிகங்களுக்கு உறவுமுறை கற்பிப்பது எவ்வளவு பெரிய துணிச்சல்!

ஐரோப்பிய மொழியியலார் இந்தப் பள்ளத்தில் விழாதவர்கள் அல்லர், விழுந்து எழுந்தவர்கள். பார்வைக்கு இரட்டையர்போல் தோன்றும் சொற்கள் பல உறவே இல்லாதவை என்று அவர்கள் கண்டார்கள். கடவுளைக் குறிக்கும் இலத்தீன் ‘தேயுஸ்’, கிரேக்க ‘தெயோஸ்’ இரண்டுக்கும் வேர் வேறு. உடைமையைக் குறிக்கும் ஆங்கில ‘ஹேவ்’, இலத்தீன் ‘ஹபேரெ’ இரண்டும் ஒன்றல்ல. தீயது என்னும் பொருளில் ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் ‘பேட்’, ‘பத்’ என்று வழங்குவதும் தற்செயல். மாறாக, ஐந்தைக் குறிக்கும் ஆங்கில ‘ஃபைவ்’, பிரெஞ்சு ‘சேங்க்’, ருஷ்ய ‘ப்யாத்’ ஆகியவை காதுக்கு அந்நியமாக ஒலித்தாலும் ஒரே மூலத்தவை. உறவை நிறுவுவது சாயல் அன்று, ஒழுங்கு. ஒரு மொழியின் பகரம் மற்றொன்றில் ஃபகரமாகத் திரிந்தால், ஒரு சொல்லில் மட்டுமல்லாது அச்சூழலில் வரும் எல்லாச் சொற்களிலும் திரிந்திருக்க வேண்டும். யாக்கோபு கிரிம் 1822இல் விளக்கிய ஒலிமாற்ற ஒழுங்கின் சாரம் இதுவே.

இந்த ஒழுங்கு நமக்குப் புதியதும் அன்று. தமிழின் பால், பல், பெயர் ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹெசரு என நிற்கின்றன. பகரம் ஹகரமாவது ஒரு சொல்லின் விபத்தாக இல்லாமல் வரிசையாக நிகழ்ந்திருக்கிறது. 1816இல் எல்லிஸ் சுட்டிக்காட்டியதும், 1856இல் கால்டுவெல் விரித்துரைத்ததும், 1961இல் பர்ரோவும் எமனோவும் அகராதியாகத் தொகுத்ததும் இத்தகைய ஒழுங்குகளின் வலிமையால்தான். திராவிட மொழிக்குடும்பம் என்று நாம் பெருமையோடு சொல்லும் கருத்தே சாயலை நம்பாத அறிவுமுறையின் கொடை. அந்த முறையை வீட்டுக்குள் ஏற்றுக்கொண்டு வாசலில் தூக்கியெறிவது நேர்மையாகாது.

‘தமிழ்ச்சொற்கள் ஐரோப்பாவுக்குப் போகவே இல்லையா?’ என்று கேட்கலாம். போயின; சான்றோடு போயின. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கில அகராதியில் இடம்பெற்றிருக்கின்றன. இஞ்சியைக் குறிக்கும் கிரேக்க, இலத்தீன் சொற்கள் திராவிட மூலத்திலிருந்து பாலி வழியே சென்றவை என்பதை மொழியியலார் பரவலாக ஏற்கின்றனர். இவற்றுக்கெல்லாம் ஒரு பொருள் உண்டு, ஒரு துறைமுகம் உண்டு, வாங்கியவன் விற்றவன் உண்டு. சரக்கு போகும் வழியில் சரக்கின் பெயரும் போகும்.

ஆனால் ‘ஆம்’ என்பது சரக்கு அன்று. அது கடன்போக வேண்டுமானால் இருமொழியாளர் தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவில், ஒரே சந்தையில், ஒருவர் ஆட்சிக்கு மற்றவர் உட்பட்டு வாழ்ந்திருக்க வேண்டும். அப்படிக் கடன்போனதற்கும் ஐரோப்பாவிலேயே சான்றுகள் உள்ளன. உரோமானியம் இலத்தீனின் மகள். ஆயினும் ‘ஆம்’ என்பதற்கு அண்டை ஸ்லாவியரின் ‘தா’வையே கைக்கொண்டிருக்கிறது. லத்வியரும் எஸ்தோனியரும் தம்மை நெடுங்காலம் ஆண்ட ஜெர்மானியரிடமிருந்து ‘யா’வைப் பெற்றார்கள். பின்லாந்தினரின் பேச்சுவழக்கு ‘யோ’ சுவீடிஷிலிருந்து வந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் எல்லைக்கோடும் ஆட்சியும் குடியேற்றமும் கண்முன் நிற்கின்றன. அம்புக்குறி ஆர்வலர் காட்ட வேண்டியது இத்தகைய வரலாற்றைத்தான். அதைக் காட்டுவதில்லை, ஏனெனில் இல்லாததைக் காட்ட இயலாது.

இதற்கு நேரெதிரான இன்னொரு பிழையையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. ஐரிஷ் மொழியில் ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றுக்குச் சொல்லே கிடையாது என்னும் செய்தியை வேடிக்கையாகப் பரிமாறிக்கொள்வோர் உண்டு. அதிலிருந்து, அம்மக்களுக்கு நேராகப் பதில் சொல்லத் தெரியாது என்ற முடிவுக்குத் தாவுவோரும் உண்டு. ஒரு மொழியில் ஒரு சொல் இல்லையென்றால் அதைப் பேசுவோரிடம் அந்த எண்ணமே இல்லை என்று கருதும் சோம்பல் இது. ஐரிஷ்காரரிடம் ‘வருவாயா?’ என்று கேட்டால் ‘வருவேன்’ என்பார். இதைவிட நேரான விடை எது? ஒற்றைச் சொல்லால் தலையாட்டிவிட்டுப் போகாமல், தான் செய்யப்போகும் வினையைத் தன் வாயாலேயே சொல்கிறார் அவர்.

தமிழ் படித்தவருக்கு இது விளங்காமற்போக நியாயமே இல்லை. நம் ‘ஆம்’ என்பதே ‘ஆகும்’ என்னும் வினைமுற்றின் சுருக்கம். ‘அது அவ்வாறே ஆகும்’ என்று சொல்லித்தான் நாமும் உடன்படுகிறோம். ‘இல்லை’, ‘அல்ல’, ‘மாட்டேன்’, ‘வேண்டா’ என்று மறுப்புக்குப் பல வினைவடிவங்கள் நம்மிடம் இருக்கின்றன; எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒற்றை மறுப்புச்சொல் இல்லை. விடையை எட்டு வகையாகப் பிரித்தார் நன்னூலார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்று நேரடியானவை. ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் விடையைக் குறிப்பால் தருபவை. ‘வருவாயா?’ என்னும் கேள்விக்கு ‘வருவேன்’ என்பது நேர், ‘வாரேன்’ என்பது மறை, ‘வராமல் இருப்பேனா?’ என்பது வினாதல். ‘நடந்தால் கால் வலிக்கும்’ என்பது உறுவது கூறல். மனிதர் உடன்படவும் மறுக்கவும் எத்தனை வழிகள் கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே வகுத்துவைத்த மரபில் வந்துவிட்டு, ஐரிஷ்காரனுக்குச் சொல் இல்லையென்று நாம் சிரிப்பதா?

சொற்கள் மிகுந்தால் மொழி உயர்வு, குறைந்தால் தாழ்வு என்னும் கணக்கும் இதே சோம்பலின் பிள்ளை. ‘நீ வரவில்லையா?’ என்னும் எதிர்மறை வினாவுக்கு வெறுமனே ‘ஆம்’ என்றால் வந்ததாகப் பொருளா, வராததாகப் பொருளா? இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பிரெஞ்சுக்காரர் எதிர்மறை வினாவை மறுத்து உடன்படுவதற்கு ‘ஸீ’ என்றொரு தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். ஜெர்மானியர் ‘தொஃக்’ என்பார்கள். சுவீடியர் ‘யோ’ என்பார்கள். ஆங்கிலத்திலும் ஒருகாலத்தில் அவ்வேறுபாடு இருந்தது. நேர்வினாவுக்கு ‘யே’, எதிர்மறை வினாவுக்கு ‘யெஸ்’. மறுப்பிலும் அவ்வாறே ‘நே’, ‘நோ’ என இரண்டு. விவிலியத்தை மொழிபெயர்த்த டிண்டேல் இவ்வேறுபாட்டைப் பிழையாகக் கையாண்டார் என்று தாமஸ் மோர் 1532இல் கடுமையாகச் சாடினார். மோரின் சினம் வென்றதா? இல்லை. வேறுபாடு அழிந்தது, ‘யெஸ்’ஸும் ‘நோ’வும் மட்டுமே பொதுவழக்கில் எஞ்சின. நான்கு சொல் இரண்டாகச் சுருங்கிய அதே காலத்தை ஒட்டித்தான் ஷேக்ஸ்பியர் எழுதினார். ஒரு நுட்பத்தை இழந்ததனால் அந்த மொழி வீழ்ந்துவிடவில்லை.

அவ்வாறானால் மொழி எதனால் வீழ்கிறது? இந்தச் சிறு சொல்லே அதையும் சொல்கிறது. நம் வாதத்தின் உயிரும் இங்கேதான் இருக்கிறது.

பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாடுகடத்தப்பட்டிருந்த காலத்தில், மக்கள்மொழியின் சிறப்பைப் பற்றித் தாந்தே இலத்தீனில் ஒரு நூல் எழுதினார், அது முற்றுப்பெறவில்லை. தென்னைரோப்பிய மொழிகளை அதில் அவர் மூன்றாகப் பகுத்தார். பகுப்புக்கு அவர் கைக்கொண்ட அளவுகோல் உடன்பாட்டுச் சொல். ‘ஒக்’ என்போர், ‘ஒயில்’ என்போர், ‘ஸீ’ என்போர் என்பது அப்பகுப்பு. அதோடு நிறுத்தாமல், கடவுள், வானம், காதல், கடல், நிலம் போன்ற பல சொற்கள் மூன்றிலும் ஒத்திருப்பதைக் காட்டி, இவை ஒரு மூலத்திலிருந்து பிரிந்தவை என்றார். ஒற்றைச் சொல்லின் சாயலை நம்பாமல் சொற்கூட்டத்தைச் சான்றாக வைத்த அந்த நிதானத்தை எழுநூறு ஆண்டுகள் கழித்தும் நாம் கற்றுக்கொள்ளவில்லை.

ஒக் மொழி அப்போது எளிய மொழி அன்று. 1071இல் பிறந்த அக்கித்தேன் கோமகன் கியோம் முதலாக, துருபதூர்கள் எனப்படும் பாடற்புலவர்கள் அம்மொழியில் காதற்பாடல்கள் யாத்தார்கள். பெண்பாற்புலவர்களும் பாடினார்கள். ஐரோப்பியக் காதற்கவிதையின் நடையும் பாவமும் பெருமளவு அங்கிருந்தே மற்ற மொழிகளுக்குச் சென்றன. நன்னூல் தோன்றிய அதே பதின்மூன்றாம் நூற்றாண்டில் அம்மொழிக்கும் இலக்கண நூல்கள் எழுந்தன. தாந்தே தம் பெருங்காப்பியத்தின் இரண்டாம் பகுதியில் ஆர்னோ தானியேல் என்னும் துருபதூரைச் சந்திக்கும்போது, அப்புலவரை அவருடைய சொந்த மொழியிலேயே பேசவைக்கிறார். இத்தாலியக் காப்பியத்தின் நடுவே எட்டு அடிகள் ஒக் மொழியில் நிற்கின்றன. ஒரு மொழிக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன கிடைத்துவிடும்?

இலக்கியம் இருந்தது, இலக்கணம் இருந்தது, புகழ் இருந்தது, வேரும் இருந்தது. ‘ஹொக்’ முதல் ‘ஒக்’ வரை ஒவ்வோர் ஒலியின் பயணத்துக்கும் விளக்கம் இருந்தது. எதுவும் காப்பாற்றவில்லை.

1209இல் தொடங்கி இருபதாண்டு நீடித்த சிலுவைப்போர் தென்னகத்தின் பிரபுக்களையும் அவர்களை அண்டியிருந்த புலவர்களையும் நிலைகுலையச் செய்தது. நிலம் பாரிசின் ஆளுகைக்குள் வந்தது. 1539இல் வில்லெர்-கொத்தரே ஆணை, சட்ட ஆவணங்களெல்லாம் பிரெஞ்சிலேயே எழுதப்பட வேண்டும் என்று விதித்தது. முதன்மையாக இலத்தீனை அகற்ற வந்த ஆணை அது என்பார்கள். ஆயினும் பத்திரம் எழுதவும் வழக்காடவும் உதவாத மொழியாக ஒக் ஆகிப்போனது அதன் விளைவு. பிறகு மன்னராட்சி ஒழிந்து புரட்சி வந்தது. சமத்துவத்தின் பெயரால் அது மொழிகளைச் சமப்படுத்தவில்லை, சமன்படுத்த முனைந்தது. 1794 ஜூனில் பாதிரியார் கிரெகுவார் புரட்சி மன்றத்தில் வைத்த அறிக்கையின் தலைப்பிலேயே வட்டார வழக்குகளை ஒழித்தல் என்னும் நோக்கம் வெளிப்படையாக இடம்பெற்றது. குறைந்தது அறுபது இலட்சம் பிரெஞ்சுக் குடிகளுக்குத் தேசியமொழி தெரியாது என்று அந்த அறிக்கையே ஒப்புக்கொண்டது. துருபதூர்களின் மொழி இப்போது ‘பத்துவா’ என்ற இழிபெயரைத் தாங்கியது. கொச்சை என்று நாம் சொல்வோமே, ஏறக்குறைய அது.

முடிவான அடியைக் கொடுத்தது பள்ளிக்கூடம். 1880களில் கட்டாயக் கல்வி வந்தது. வகுப்பில் வீட்டுமொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டு போன்ற ஏதேனும் ஓர் அடையாளப் பொருளைத் தொங்கவிடுவது பல பள்ளிகளில் வழக்கமாயிற்று. அதே குற்றத்தைச் செய்யும் இன்னொரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால் அதை அவனுக்கு மாற்றிவிடலாம். நாளின் முடிவில் அது எவன் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. தாயின் மொழியில் ‘ஒக்’ என்று சொல்வதே குற்றம். ‘வீ’ என்றால் நல்ல பிள்ளை. இந்தச் சிறுமைப்படுத்தலை ஒக் மக்கள் ‘வெர்கோன்யா’ என்கிறார்கள். நாணம், வெட்கம் என்று அதற்குப் பொருள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரானபோது தம் மக்களிடம் பிரெஞ்சில் பேசினார்கள். அம்மொழி வீட்டுக்குள் அற்றுப்போகத் தொடங்கியது அப்போதுதான்.

இதற்கிடையே பெருமை குறையவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1854இல் மிஸ்திரால் முதலிய கவிஞர்கள் ஃபெலிப்ரிஜ் என்னும் இயக்கத்தைத் தோற்றுவித்தனர். மிஸ்திரால் மாபெரும் அகராதி ஒன்றைத் தொகுத்தார். 1904இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு, ஸ்பானிய நாடகாசிரியர் எச்சகாராயோடு பகிர்ந்து, அவருக்கு அளிக்கப்பட்டது. கவிஞனுக்கு ஸ்டாக்ஹோமில் பரிசு. அவன் மொழியைப் பேசிய சிறுவனுக்கு ஊர்ப்பள்ளியில் தண்டனை. இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன. மொழியின் பழம்பெருமை மேடையில் ஒளிர்வதற்கும் அம்மொழி வீட்டில் அணைவதற்கும் இடையே எந்த முரண்பாடும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1951இல்தான் ஒக் மொழியை அரசுப்பள்ளியில் விருப்பப்பாடமாகக் கற்பிக்கச் சட்டம் இடம்தந்தது. 1992இல் குடியரசின் மொழி பிரெஞ்சு என்பது அரசமைப்பில் எழுதப்பட்டது. வட்டார, சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பியச் சாசனத்தில் பிரான்ஸ் 1999இல் கையெழுத்திட்டது. அரசமைப்பு மன்றம் குறுக்கே நின்றதால் இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. 2021இல் வட்டார மொழிகளுக்காக நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில், எல்லாப் பாடங்களையும் அம்மொழியிலேயே கற்பிக்கும் முறைக்கு வழிசெய்த பிரிவை அதே மன்றம் நீக்கியது. 1979 முதல் பெற்றோரும் ஆசிரியரும் முயன்று நடத்திவரும் கலந்திரேத்தா பள்ளிகள் பின்பற்றுவது அந்த முறையைத்தான். ஒக் மொழியின் கிளைகள் யுனெஸ்கோவின் அழியும் மொழிகள் பட்டியலில் இருக்கின்றன. 2016இல் தென்பிரான்சின் இரண்டு நிர்வாகப் பகுதிகளை இணைத்து ‘ஒக்சித்தானி’ என்று பெயரிட்டார்கள். வரைபடத்தில் ‘ஒக்’ பெரிய எழுத்தில் இருக்கிறது. தெருவில் அதைக் கேட்க அலைய வேண்டியிருக்கிறது. எல்லைக்கு அப்பால், ஸ்பெயினின் கத்தலோனியாவிலோ நிலைமை வேறு. ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் வாழும் அரான் பள்ளத்தாக்கின் பொருட்டு அதே மொழிக்கு 2006 முதல் கத்தலோனியா முழுவதும் ஆட்சிமொழித் தகுதி உண்டு. அதே வேர், அதே சொல், அதே மொழி. ஒருபுறம் பள்ளியும் அலுவலகமும் கதவு திறந்தன, மறுபுறம் மூடின. வேறுபாட்டை உண்டாக்கியது வேர் அன்று.

இவ்வளவு சொன்ன பிறகு, ‘சொற்பிறப்பியலே வேண்டா என்கிறீர்களா?’ என்று நம்மைக் கேட்பார்கள். வேண்டும் என்கிறோம், சொற்பிறப்பியலாகவே வேண்டும் என்கிறோம். ‘ஹொக்’ எவ்வாறு ‘ஒக்’ ஆயிற்று என்று அறிவது மனித மனத்தின் நடமாட்டத்தை அறிவது. அது பேரின்பம். அந்த இன்பத்துக்கு வம்சப்பெருமை என்னும் கூலி கேட்பதைத்தான் மறுக்கிறோம். ‘மொழிப்பற்றைக் கேலி செய்கிறீர்கள்’ என்பது அடுத்த குற்றச்சாட்டாக வரும். பொய்யை ஊன்றுகோலாகத் தருவது பற்று ஆகாது என்பது நம் விடை. தமிழுக்குச் சங்கப்பாடல் இருக்கிறது, தொல்காப்பியம் இருக்கிறது, இன்று எழுதிக்கொண்டிருக்கும் கவிஞர்கள் இருக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் பிரெஞ்சுக்காரன் ‘ஆம்’ என்பது நம்மைக் கேட்டுத்தான் என்று சொல்லிக்கொள்ளும் தேவை எங்கிருந்து வருகிறது? தன்னம்பிக்கையிலிருந்து வருவதாகத் தோன்றவில்லை. ஒக் மக்கள் ‘வெர்கோன்யா’ என்று பெயரிட்ட நாணத்தின் மறுபக்கமே அது என்று ஐயுறுகிறோம்.

ஆகவே, இனி அம்புக்குறியோடு வருபவரிடம் மூன்று கேள்விகளை வாசகர் கேட்க வேண்டும். அந்தச் சொல் எந்த வழியாகப் போனது? எந்த நூற்றாண்டில் போனது? அதே ஒலிமாற்றம் வேறு எந்தச் சொற்களில் நிகழ்ந்திருக்கிறது? இவற்றுக்கு விடை இருந்தால் மகிழ்ச்சியோடு கற்றுக்கொள்வோம். இல்லையென்றால் நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது. ஒக் மொழியின் கதை நமக்குக் கற்றுத்தந்த கேள்வி அது: உங்கள் வீட்டுப் பிள்ளை தமிழில் கணக்கும் அறிவியலும் படிக்கிறதா? இதற்கு மட்டும் நேர் அல்லது மறை என்னும் இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும். உறுவது கூறலும் இனமொழியும் வேண்டா.